ஒரு நாள் கவுன்சலிங் சிகிச்சை ஆகாது

வாசகர் கேள்வி – பதில்

பாலியல் வன்முறைக்கு ஆளான குழந்தைக்கு மனநல சிகிச்சையை எங்கே கேட்பது, எப்படி ஏற்பாடு செய்வது என்று வந்த கடிதங்களிலிருந்து சிலவற்றை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். குழந்தையை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு. ஆகவே பெயர், ஊர், பள்ளி எல்லாவற்றையும் நீக்கிவிட்டோம். எங்களுக்கு எழுதும்போதும் அவற்றை எழுத வேண்டாம்.

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. இரண்டு மாதத்துக்கு முன் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தோம். எதிரி சிறையில் இருக்கிறான். ஒருநாள் ஒரு மேடம் அரை மணி நேரம் குழந்தையிடம் பேசிவிட்டு, ‘கவுன்சலிங் கொடுத்தாச்சு’ என்று எழுதிக்கொண்டு போனார். மகள் ராத்திரியில் அலறி எழுகிறாள். தனியாகப் பாத்ரூம் போக மாட்டேன் என்கிறாள். இனி யாரிடம் போய்க் கேட்பது?

பதில்: அம்மா, அந்த அரை மணி நேரம் ஆறுதல் பேச்சு. அதுவும் தேவைதான், ஆனால் சிகிச்சை அதோடு முடிந்துவிடாது. அலறி எழுவது, தனியாக இருக்கப் பயப்படுவது, நடந்ததை நினைவூட்டும் இடத்தையும் ஆளையும் கண்டு ஒதுங்குவது எல்லாம் முதல் சில வாரங்களில் எந்தக் குழந்தைக்கும் வரலாம். ஒரு மாதம் தாண்டியும் நீடித்தால் நிபுணர் ஒருவர் முறையாக மதிப்பீடு செய்தாக வேண்டும். உங்கள் மகள் அந்தக் கட்டத்தில் இருக்கிறாள்.

நீங்கள் போக வேண்டிய இடம் உங்கள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழு. ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட இந்தக் குழு மாதத்தில் குறைந்தது 20 நாள் அமர வேண்டும் என்பது சட்டம். முகவரி தெரியாவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைத்துக் கேளுங்கள். புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் காவல்துறை இந்தக் குழுவுக்குத் தகவல் கொடுத்திருக்க வேண்டும். கொடுத்தார்களா என்பதை முதலில் கேளுங்கள். பல நேரம் காகிதம் போயிருக்கும், குழந்தையின் நிலையை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். ஒரு பக்க மனு போதும். இப்படி எழுதலாம்:

‘இத்தனையாம் எண் குற்ற வழக்கில் பாதிக்கப்பட்ட குழந்தையின் தாய் நான். போக்சோ விதிகள் 2020, விதி 4-இன்படி என் மகளுக்கு ஆதரவு நபர் ஒருவரை நியமிக்க வேண்டுகிறேன். குழந்தைகளின் மன அதிர்ச்சிக்குச் சிகிச்சை தரும் பயிற்சி பெற்ற உளவியலாளர் அல்லது மனநல மருத்துவரிடம் மதிப்பீட்டுக்கு அனுப்பவும், அவர் சொல்லும் எண்ணிக்கையில் அமர்வுகள் முடியும்வரை ஏற்பாடு தொடரவும் உத்தரவிட வேண்டுகிறேன். போக்குவரத்துச் செலவுக்கு விதி 8-இன்படி சிறப்பு நிவாரணம் பரிந்துரைக்க வேண்டுகிறேன். இப்போது உள்ள சிரமங்கள்: வாரத்தில் இத்தனை இரவு அலறல், இத்தனை நாள் பள்ளிக்குப் போகவில்லை.’

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். ‘மனசு சரியில்லை’ என்று எழுதினால் மறுபடியும் ஒரு அரை மணி நேரம் பேசி முடித்துவிடுவார்கள். ‘வாரத்தில் 5 இரவு, 11 நாள் பள்ளி விடுப்பு’ என்று இருந்தால் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். மனுவின் ஒரு நகலை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலும் கொடுத்து, இரண்டு இடத்திலும் தேதி போட்ட ஒப்புகை வாங்கி வையுங்கள்.

ஆதரவு நபர் என்பவர் சிகிச்சை தருபவர் அல்ல. விசாரணையிலிருந்து வழக்கு முடியும்வரை கூட வருபவர். மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் நீதிமன்றத்துக்கும் நடுவே விஷயம் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. குழந்தை தேறிவருகிறதா என்பதைக் குழுவுக்கு மாதாமாதம் அறிக்கையாகத் தர வேண்டியவரும் அவரே. உங்களுடைய, குழந்தையுடைய சம்மதத்தோடுதான் அவரை நியமிக்க முடியும். பிடிக்கவில்லை என்றால் மாற்றச் சொல்லலாம், குழந்தை அதற்குக் காரணம்கூடச் சொல்லத் தேவையில்லை.

மனுவுக்குப் பதில் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நேராகப் போங்கள். பாதிக்கப்பட்ட குழந்தைக்குச் சிகிச்சை தர எந்த மருத்துவரும் காவல்துறைக் கடிதமோ நீதிமன்ற ஆணையோ கேட்கக் கூடாது என்று விதி 6 சொல்கிறது. தனியாரிடம் போவதானால் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டின் ஆர்.சி.ஐ. பதிவு எண்ணைக் கேளுங்கள். ஆர்.சி.ஐ. என்பது இந்திய மறுவாழ்வு கவுன்சில், அதன் இணையப் பதிவேட்டில் அந்த எண்ணைச் சரிபார்க்கலாம். ‘கவுன்சலர்’ என்று பலகை மாட்டியிருப்பவர் என்ன படித்திருக்கிறார் என்பது பலகையைப் பார்த்துத் தெரியாது. பட்டம் இருந்தாலும் இன்னொரு கேள்வி கேளுங்கள்: ‘பாலியல் வன்முறைக்கு ஆளான குழந்தைகளுக்குச் சிகிச்சை கொடுத்திருக்கிறீர்களா? எந்த முறையில்? என்னையும் அதில் சேர்ப்பீர்களா?’ பெற்றோருக்கு இதில் வேலையே இல்லை என்பவரிடம் விட வேண்டாம்.

கேள்வி: மகனை நான்கு வாரமாக ஒரு உளவியலாளரிடம் கூட்டிப்போகிறேன். படம் வரையச் சொல்கிறார், மூச்சு விடச் சொல்கிறார். நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. நேரம் வீணாகிறதோ என்று இருக்கிறது. – ஒரு தந்தை

பதில்: அவர் சரியாகவே போகிறார். முதல் அமர்விலேயே ‘என்ன நடந்தது, சொல்லு’ என்று ஆரம்பித்திருந்தால்தான் நீங்கள் கவலைப்பட வேண்டும். நடந்ததை உடனே ஒரே மூச்சில் கொட்ட வைக்கும் முறையைக் கைவிடச் சொல்லித்தான் உலக சுகாதார நிறுவனத்தின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் பேசுகிறது.

அதிர்ச்சிக்கு ஆளான குழந்தைகளுக்கு உலகில் அதிகம் சோதித்துப் பார்க்கப்பட்ட முறை டி.எஃப்-சி.பி.டி., அதாவது அதிர்ச்சியை மையமாக வைத்த சிந்தனை-நடத்தைச் சிகிச்சை. அமெரிக்காவில் ஜூடித் கோஹன், ஆன்டனி மன்னரினோ, எஸ்தர் டெப்ளிங்கர் மூவரும் உருவாக்கியது. 3 முதல் 18 வயதுவரை பயன்படுத்தலாம். வழக்கமாக 12 முதல் 16 அமர்வு, சிக்கலான நிலையில் 25 வரை போகும். இதில் மூன்று கட்டம் உண்டு. முதல் கட்டத்தில் உடம்பையும் மனதையும் நிதானத்துக்குக் கொண்டுவரும் பழக்கங்கள். இரண்டாவதில் நடந்ததைக் குழந்தை தன் வேகத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லி, எழுதி அல்லது வரைந்து, அதைத் தாங்கப் பழகுகிறது. மூன்றாவதில் பெற்றோருடன் சேர்ந்து பேசுவதும் இனிப் பாதுகாப்பாக இருக்கும் வழிகளைக் கற்பதும்.

நீங்கள் பார்த்த மூச்சுப் பயிற்சியையே எடுத்துக்கொள்வோம். குழந்தை இடது கையை விரித்து மேசைமேல் வைக்கிறது. வலது சுட்டுவிரலால் கட்டைவிரலின் வெளி ஓரத்தைத் தொட்டு மேலே போகும்போது மூச்சை இழுக்கிறது, நுனியில் ஒரு நொடி நிற்கிறது, கீழே இறங்கும்போது விடுகிறது. ஐந்து விரலுக்கு ஐந்து மூச்சு. பக்கத்திலேயே ஒரு தாளில் காய்ச்சல் பார்க்கும் கருவிபோல ஒரு படம், 0 முதல் 10 வரை கோடு. மூச்சுக்கு முன் பயம் எந்தக் கோட்டில் இருந்தது, இப்போது எங்கே என்று குழந்தையே வண்ணம் தீட்டுகிறது. 8-இல் இருந்தது 5-க்கு வருவதைத் தன் கண்ணால் பார்க்கும் குழந்தைக்கு, பயத்தை இறக்கி வைக்க முடியும் என்பது தெரிந்துவிடுகிறது. அது தெரியாத குழந்தையை நடந்ததைப் பற்றிப் பேச வைத்தால் பழைய பயத்திலேயே திரும்பக் கொண்டுபோய் நிறுத்தியதாகும்.

ஆனால் ஒன்றைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். 8-ஆவது அமர்வு வந்தும் படமும் விளையாட்டுமாகவே போகிறது, அடுத்தது என்ன என்று அவரும் சொல்லவில்லை என்றால் திட்டம் இல்லை என்று பொருள். வெறும் விளையாட்டோடு நின்றுபோன சிகிச்சைகள் நிறைய. பேசினால் குழந்தை உடைந்துவிடுமோ என்று சிகிச்சையாளரே தயங்குவதுதான் அதற்குக் காரணம். அனுபவசாலி ஒருவரின் மேற்பார்வை இல்லாதவர்களுக்கு அந்தத் தயக்கம் எளிதில் வரும்.

ஒவ்வொரு முறையும் உங்களுக்கும் 20, 30 நிமிடம் ஒதுக்கச் சொல்லுங்கள். வீட்டில் ராத்திரி என்ன செய்வது, பையன் முரண்டு பிடித்தால் எப்படிப் பேசுவது என்பதெல்லாம் அந்த அரை மணியில்தான் கிடைக்கும்.

கேள்வி: வழக்கு முடியும்வரை தெரபி வேண்டாம், எதிர்த்தரப்பு வக்கீல் ‘சொல்லிக் கொடுத்துப் பேசுகிறாள்’ என்று பிடித்துக்கொள்வார் என்கிறார்கள். உண்மையா?

பதில்: சாட்சியம் முடியும்வரை சிகிச்சை கூடாது என்று இந்தியாவில் எந்தச் சட்டமும் இல்லை. கவுன்சலிங் உள்ளிட்ட உதவிகள் எங்கே கிடைக்கும் என்பதைப் புகார் பதிவானதும் காவல்துறையே பெற்றோருக்குத் தெரிவித்து, அங்கே தொடர்புகொள்ளவும் உதவ வேண்டும் என்பதுதான் விதி. நீதிமன்றம் வழக்கைக் கோப்பில் எடுத்த 30 நாளுக்குள் குழந்தையின் சாட்சியத்தைப் பதிவுசெய்ய வேண்டும், கூடிய மட்டும் ஓராண்டில் விசாரணை முடிய வேண்டும் என்று போக்சோ சட்டத்தின் 35-ஆம் பிரிவு சொன்னாலும், நடைமுறையில் இந்தக் கெடு பல வழக்குகளில் தாண்டிப்போகிறது. அதுவரை குழந்தை தூங்காமல் காத்திருக்க முடியாது.

இதில் உள்ள அபாயம் சிகிச்சையில் இல்லை, சிகிச்சையை விசாரணையாக்குவதில் இருக்கிறது. சிகிச்சையாளர் செய்யக் கூடாதவை: ‘அவன் இங்கே தொட்டானா?’ போன்ற வழிகாட்டும் கேள்விகள், காவல் நிலைய வாக்குமூலத்தோடு ஒப்பிட்டு ‘அன்றைக்கு வேறு மாதிரி சொன்னாயே’ என்பது, நீதிமன்றத்தில் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்ப்பது, ஹிப்னாடிசம். செய்ய வேண்டியவை: அமர்வுக் குறிப்பை அன்றே தேதியோடு எழுதுவது, குழந்தை தானாகச் சொன்னதை அதன் வார்த்தையிலேயே மேற்கோள் குறிக்குள் வைப்பது, தன் ஊகத்தைத் தனியாக எழுதுவது. சாட்சியத் தேதி நெருக்கத்தில் இருந்தால் இரண்டாம் கட்டத்தைச் சில வாரம் தள்ளிவைத்து, முதல் கட்டப் பயிற்சிகளைத் தொடரலாம். கூண்டேறப் போகும் குழந்தைக்கு அந்த ஐந்து விரல் மூச்சு பெரிய துணை.

சிகிச்சைக் குறிப்புகள் ரகசியமானவைதான், ஆனால் நீதிமன்றம் உத்தரவிட்டால் தர வேண்டி வரலாம். குழந்தை வேறு ஒருவனைப் பற்றிப் புதிதாகச் சொன்னால் 19-ஆம் பிரிவின்படி சிகிச்சையாளரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். ஆகவே ‘நீ சொல்வது எதையும் யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்கிற சிகிச்சையாளர் காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுக்கிறார். எதை வெளியே சொல்ல வேண்டி வரும் என்பதை முதல் நாளே குழந்தைக்குப் புரியும்படி சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: எங்கள் அறக்கட்டளை இந்த ஆண்டு மாவட்டத்தில் போக்சோ வழக்குகளில் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்காகச் சிறப்புச் சிகிச்சையாளர் ஒருவரை அமர்த்த நிதி ஒதுக்கியிருக்கிறது. ‘ஆண்டுக்கு 100 குழந்தைகள்’ என்று இலக்கு வைத்திருக்கிறோம். ஒப்பந்தத்தில் என்னென்ன எழுத வேண்டும்?

பதில்: முதலில் அந்த 100-ஐ அடித்துவிடுங்கள். கணக்கைப் பாருங்கள். ஒரு அமர்வுக்குக் குழந்தையுடன் 45 நிமிடம், பொறுப்பாளருடன் 30 நிமிடம், தயாரிப்புக்கும் குறிப்புக்கும் 45 நிமிடம், ஆக 2 மணி நேரம். வாரம் 40 மணி வேலையில் இப்படி 12 அமர்வுக்கு மேல் வைக்கக் கூடாது. மீதி 16 மணி நேரம் பள்ளியுடன் பேச, குழந்தைகள் நலக் குழுவின் கூட்டத்துக்கு, பயணத்துக்கு, மேற்பார்வைக்கு. ஆண்டில் வேலை நடக்கும் வாரம் 46 என்றால் 552 இடம். திருவிழா, தேர்வு, கூலி வேலைக்கு விடுப்பு கிடைக்காத தாய், வாய்தா என்று நான்கில் ஒன்று தவறும் என்று வைத்துக்கொண்டால் நடப்பது 414. ஒரு குழந்தைக்கு மதிப்பீடு 3, சிகிச்சை 16, பின்தொடர் 2 என்றால் 21 அமர்வு. 414-ஐ 21-ஆல் வகுத்தால் 20 குழந்தைகூட நிறையவில்லை. 100 என்று எழுதினால் தலைக்கு நான்கு அமர்வு கிடைக்கும். மேலே ஒரு தாய் எழுதியிருக்கிறாரே, ‘கவுன்சலிங் கொடுத்தாச்சு’, அதுதான் மறுபடியும் நடக்கும்.

எல்லாக் குழந்தைக்கும் 16 அமர்வு தேவைப்படாது. வீட்டில் நம்பி அரவணைக்கும் ஒருவர் இருந்து, தூக்கமும் பள்ளியும் சரியாக இருக்கும் குழந்தைக்கு மதிப்பீடும் பெற்றோருக்கு மூன்று நான்கு அமர்வும், மூன்று மாதம் கழித்து ஒரு பார்வையும் போதும். ஆகவே ஒப்பந்தத்தில் இரண்டு எண் வையுங்கள்: மதிப்பீடு 30 குழந்தைகளுக்கு, அவர்களில் முழுச் சிகிச்சை 14 பேருக்கு. அதற்கு மேல் வந்தால் இரண்டாவது ஆள் வேண்டும். காத்திருப்புப் பட்டியலை ஒளிக்காமல் மாதாமாதம் குழந்தைகள் நலக் குழுவுக்குக் காட்டுங்கள். நிதி கேட்க அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

ஆள் தேர்வில் பட்டமும் ஆர்.சி.ஐ. பதிவும் அடிப்படை. குழந்தைகளுடன் இரண்டாண்டு வேலை அனுபவம் கேளுங்கள். சிறப்புப் பயிற்சி இல்லாதவர் கிடைத்தால் முதல் மாதத்தைப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். பெங்களூரு நிம்ஹான்ஸின் ‘சம்வாத்’ பிரிவு குழந்தைகள் பாதுகாப்புத் துறையில் வேலை செய்பவர்களுக்குப் பயிற்சி தருகிறது. குழந்தைகளோடு புழங்கும் ஊழியர்களுக்குக் காவல்துறைச் சரிபார்ப்பு வேண்டும் என்கிறது விதி 3. இது சிகிச்சையாளருக்கு மட்டுமல்ல, ஓட்டுநருக்கும் அலுவலக உதவியாளருக்கும் சேர்த்து. அதே விதிப்படி உங்கள் அறக்கட்டளைக்கே எழுத்துமூலமான குழந்தைப் பாதுகாப்புக் கொள்கை இருக்க வேண்டும். அது இல்லாமல் ஆளைத் தேடத் தொடங்காதீர்கள்.

மேற்பார்வைக்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள். மாதம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் ஒன்றரை மணி நேரம், உங்கள் சம்பளப் பட்டியலில் இல்லாத மூத்த மருத்துவ உளவியலாளர் அல்லது குழந்தைகள் மனநல மருத்துவர் ஒருவருடன். நிதி குறைந்தால் முதலில் வெட்டப்படுவது இதுதான். ஆறு மாதத்தில் சிகிச்சையாளர் ராஜினாமா செய்வதற்கும் இதுவே முக்கியக் காரணம். நாள் முழுதும் இப்படிப்பட்டதைக் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு, கேட்டதை இறக்கி வைக்க ஓர் இடம் வேண்டும்.

காலவரையறை எழுதுங்கள்: பரிந்துரை வந்த 3 வேலை நாளுக்குள் குடும்பத்துக்கு முதல் தொலைபேசி, 10 நாளுக்குள் மதிப்பீடு தொடக்கம், மதிப்பீடு முடிந்த 3 வாரத்துக்குள் சிகிச்சை. தற்கொலை எண்ணம், தன்னைக் காயப்படுத்துவது, சாப்பாட்டை மறுப்பது இவை இருந்தால் அன்றே மனநல மருத்துவர். அதற்கு எந்த மருத்துவமனை, யாரை அழைப்பது என்பது முன்கூட்டியே எழுத்தில் பேசி முடித்திருக்க வேண்டும்.

இடம். காவல் நிலையத்தில் வேண்டாம், குழந்தைகள் நலக் குழு விசாரணை நடத்தும் அறையிலும் வேண்டாம். பேருந்து நிறுத்தத்திலிருந்து நடக்கும் தூரத்தில், வாசலில் ‘போக்சோ மையம்’ என்று எழுதாத ஒரு கட்டடம். பேச்சு வெளியே கேட்காத அறை, உள்ளே தாழிடாத கதவு, கதவுக்கு அருகில் குழந்தையின் நாற்காலி. வழியை மறித்துக்கொண்டு பெரியவர் உட்காரக் கூடாது. பக்கத்தில் கழிப்பறை. தாள், மெழுகு வண்ணக்குச்சி, களிமண், குடும்ப பொம்மைகள், பதின்வயதினருக்குக் குழந்தைத்தனம் இல்லாத இன்னொரு மூலை. பேருந்துக் கட்டணத்தை வந்த அன்றே கையில் கொடுங்கள். மாதக் கடைசியில் தருகிறோம் என்றால் மூன்றாவது அமர்வுக்கு வர மாட்டார்கள், அவர்களிடம் அந்தப் பணம் இருக்காது.

மொழியும் பாருங்கள். புலம்பெயர்ந்த தொழிலாளர் பிள்ளைகள் உள்ள மாவட்டமானால் இந்திக்கும் ஒடியாவுக்கும் ஆள் வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிடம் மொழிபெயர்ப்பாளர், சிறப்புக் கல்வியாளர் பட்டியல் இருக்க வேண்டும் என்பது விதி 5. உறவினரையோ பக்கத்து வீட்டுக்காரரையோ மொழிபெயர்க்க வைக்காதீர்கள். காதுகேளாத, அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளை ‘எங்களால் ஆகாது’ என்று திருப்பி அனுப்பும் வாய்ப்பை ஒப்பந்தம் தரக் கூடாது.

பலனை அளக்க எளிய வழி உண்டு. குழந்தையின் பலங்களையும் சிரமங்களையும் அளக்கும் எஸ்.டி.க்யூ. என்ற 25 கேள்விப் படிவம் தமிழிலும் கிடைக்கிறது. தொடக்கத்தில், 8-ஆவது அமர்வில், முடிவில், மூன்று மாதம் கழித்து என நான்கு முறை நிரப்புங்கள். கூடவே பள்ளிக்குப் போன நாள், தூங்கிய இரவு. வழக்கில் தண்டனை கிடைத்ததா என்பதை ஒருபோதும் சிகிச்சையின் பலனாக எழுதாதீர்கள். எழுதினால் சிகிச்சையாளர் அறியாமலேயே அரசுத் தரப்பு சாட்சியைத் தயார் செய்பவராகிவிடுவார். நீதிமன்றத்துக்கு நிபுணர் கருத்துச் சொல்பவரும் சிகிச்சை தருபவரும் ஒரே ஆளாக இருக்கவும் வேண்டாம்.

உங்களுக்கு வரும் அறிக்கையில் பெயர் இருக்கக் கூடாது, எண் மட்டும். பெயரையும் எண்ணையும் இணைக்கும் பட்டியல் பூட்டிய அலமாரியில், இரண்டு பேரிடம் மட்டும் சாவி. நன்கொடையாளருக்காகப் புகைப்படமோ ‘ஒரு சிறுமியின் கதை’யோ கிடையாது. ஊரும் வயதும் தெரிந்தாலே சின்ன ஊரில் எல்லோருக்கும் யார் என்று தெரிந்துவிடும்.

எல்லோரும் கோட்டைவிடுவது மார்ச் 31. நிதியாண்டு முடிகிறது, ஒப்பந்தம் முடிகிறது, பாதிக் கதை சொல்லிக்கொண்டிருந்த குழந்தைக்கு அடுத்த வாரம் அந்த அக்கா இல்லை. நம்பின பெரியவர் சொல்லாமல் மறைவது இந்தக் குழந்தைகளுக்குப் புதிதல்ல, அதனால்தான் அது இவ்வளவு ஆழமாகக் குத்துகிறது. ஒப்பந்தம் முடிய ஐந்து மாதம் இருக்கும்போதே புதிய முழுச் சிகிச்சையை ஏற்பதை நிறுத்துங்கள். இல்லையென்றால், தொடங்கிய சிகிச்சையை முடிக்க ஒப்பந்தத்துக்குப் பின்னும் நான்கு மாதம் நிதி உண்டு என்று ஒரு வரி சேருங்கள். அந்த ஒரு வரி இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டாம்.

கேள்வி: பள்ளி மாணவி ஒருத்தி ஆசிரியையிடம் ஒரு விஷயம் சொல்லியிருக்கிறாள். கவுன்சலரை வைத்து உண்மையா என்று உறுதி செய்துகொண்டு புகார் கொடுக்கலாமா? – தலைமையாசிரியர்

பதில்: கூடாது. உறுதி செய்வது காவல்துறையின் வேலை. சந்தேகம் இருந்தாலே தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கத் தவறினால் ஆறு மாதம்வரை, நிறுவனத் தலைவராக இருந்தால் ஓராண்டுவரை சிறைத் தண்டனை உண்டு. நல்லெண்ணத்தில் தகவல் கொடுத்தவர்மீது வழக்கு வராது. மாணவி சொன்னதை அவள் சொன்ன வார்த்தையில் ஆசிரியை எழுதிவைக்கட்டும். மீண்டும் மீண்டும் நான்கு பேர் கூப்பிட்டுக் கேட்காதீர்கள்.

சம்பவம் நடந்து மூன்று நாளுக்குள் என்றால் மருத்துவமனைக்குப் போவது அவசரம். ஹெச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் கொடுக்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். போடும்வரை அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

கேள்வி: 14 வயதுப் பையன். ‘ஆம்பளப் பிள்ளைக்கு என்ன ஆகப்போகுது’ என்கிறார் என் மாமனார்.

பதில்: போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்ட எல்லோருக்கும், ஆண் பெண் வேறுபாடு இல்லை. பையன்களிடம் அழுகையைவிடக் கோபமும் அடிதடியும் பள்ளிக்கு மட்டம் போடுவதும் முன்னால் தெரியும், அதனால் ‘திமிர்’ என்று அடி வாங்குகிறார்கள். ‘உடம்பு தன்னால் எதிர்வினை காட்டியதே, அப்படியானால் நான் விரும்பினேனா?’ என்ற கேள்வி பல பையன்களை உள்ளே அரிக்கும். அது உடம்பின் அனிச்சை, விருப்பம் அல்ல என்பதைப் பயிற்சி பெற்ற ஒருவர் அவனுக்கு நேராகச் சொல்ல வேண்டும். சிகிச்சையாளர் ஆணா பெண்ணா என்பதை அவனே தேர்ந்தெடுக்கட்டும்.

கேள்வி: செய்தவர் கணவரின் தம்பி. குடும்பத்தோடு உட்கார்ந்து கவுன்சலிங் எடுத்துப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று அழுத்தம் தருகிறார்கள்.

பதில்: குழந்தையையும் அந்த ஆளையும் ஒரே அறையில் உட்கார வைக்கும் எதுவும் சிகிச்சை இல்லை. அப்படி ஏற்பாடு செய்யும் கவுன்சலரை உடனே விட்டு விலகுங்கள். சமரசம் ஆகிவிட்டது என்று காட்டி இத்தகைய வழக்கை ரத்து செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் ராஜஸ்தான் வழக்கு ஒன்றில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஒரே வீட்டில் இருக்கும் நிலை என்றால், குழந்தை அங்கே இருக்கலாமா கூடாதா என்பதைக் குழந்தைகள் நலக் குழு மூன்று நாளுக்குள் தீர்மானிக்க வேண்டும். அந்த ஆள் அங்கே வந்துபோகும்வரை எந்தச் சிகிச்சையும் பிடிக்காது. இன்னும் ஆபத்தில் இருக்கும் குழந்தையின் பயம் நியாயமான பயம்.

உங்களுக்கும் தனியாக யாரிடமாவது பேச வேண்டியிருக்கும். அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ் 14416, எந்த நேரமும், தமிழிலேயே, இலவசமாக.

கேள்வி: சிகிச்சைச் செலவை இழப்பீட்டில் கேட்க முடியுமா?

பதில்: முடியும். 33-ஆம் பிரிவு, விதி 9. எஃப்.ஐ.ஆர். பதிவான பிறகு எந்தக் கட்டத்திலும் சிறப்பு நீதிமன்றம் இடைக்கால இழப்பீடு வழங்கலாம். உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் அரசு தர வேண்டும். உடல், மனநலச் சிகிச்சைச் செலவையும், அதனால் தவறிய பள்ளி நாட்களையும் நீதிமன்றம் கணக்கில் எடுக்கும். எதிரி விடுதலையானாலும் குழந்தைக்குப் பாதிப்பு நேர்ந்திருப்பதாக நீதிமன்றம் கருதினால் இழப்பீடு உண்டு. சிகிச்சையாளரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள்: எத்தனை அமர்வு தேவை, ஓர் அமர்வுக்கு என்ன கட்டணம், எத்தனை மாதம். குழந்தை சொன்ன விவரம் எதுவும் அந்தக் கடிதத்தில் வேண்டாம். மருந்துச் சீட்டு, பேருந்துச் சீட்டு எல்லாம் ஒரே கவரில். வக்கீல் இல்லையென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாகத் தரும்.

கேள்வி: பேத்தி கொஞ்சம் தேறி வந்தாள். இப்போது சிகிச்சை தொடங்கி ஆறேழு வாரம் ஆனபின் மறுபடியும் படுக்கையை நனைக்கிறாள். நிறுத்திவிடலாமா? முடிந்தது என்று எப்படித்தான் தெரிந்துகொள்வது?

பதில்: நிறுத்த வேண்டாம் பாட்டி. ஆறு, ஏழாவது அமர்வு வாக்கில் நடந்ததைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். அப்போது ஓரிரு வாரம் பின்வாங்குவது சகஜம். சம்மன் வந்த வாரத்திலும், அந்த ஆள் ஜாமீனில் வந்தான் என்று காதில் விழுந்த நாளிலும் இப்படி ஆகும். திட்டாமல் விரிப்பை மாற்றிவிட்டு, அன்றே சிகிச்சையாளருக்குச் சொல்லுங்கள். வேகத்தைக் குறைப்பார். மூன்று வாரம் தாண்டியும் குறையவில்லை என்றால் திட்டத்தை மாற்றியாக வேண்டும்.

முடிந்தது என்பதற்கு, நடந்ததை மறந்துவிட்டாள் என்று பொருளில்லை. பேச்சு வந்தால் உறைந்துபோகாமல் பதில் சொல்கிறாள், தப்பு தன்மேல் இல்லை என்று அவள் வாயாலேயே சொல்கிறாள், தூக்கமும் பள்ளியும் விளையாட்டும் பழையபடி வந்திருக்கின்றன, வீட்டில் ஒருவரிடமாவது எதையும் சொல்லலாம் என்று இருக்கிறாள். இவை வந்தபின் வாரம் ஒருமுறை இரண்டு வாரத்துக்கு ஒன்றாகி, பிறகு மூன்று மாதம் கழித்து ஒரு பார்வை. கடைசி அமர்வில் சிகிச்சையாளரிடம் ஒரு முடிவுக் கடிதம் கேட்டு வாங்குங்கள்: எந்த முறை, எத்தனை அமர்வு, எந்தப் பயிற்சி அவளுக்குப் பலன் தந்தது என்று மட்டும். வயதுக்கு வரும்போதோ, கல்யாணப் பேச்சு எழும்போதோ பழைய பயம் தலைகாட்டினால் அந்தக் கடிதத்தோடு போகலாம். புதியவரிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்காது.